அங்காயியின் வயிற்றுவலியும் மூன்று அண்ணன்மாரும்

கருவக்காட்டுப்பட்டியில் சங்கிலி, ஒச்சப்பன், வீரணன் என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளைகள் என்று ஊரே மெச்சும். மெச்சிவிட்டு, ஒரு வேலையும் சொல்லாமல் நழுவிவிடும். இவர்களுக்கு ஒரே தங்கை அங்காயி. அவளுக்கு மட்டும் புத்தி ஒழுங்காக இருந்தது, பாவம்.

மாதவிலக்கின் முதல் நாளன்று அங்காயிக்கு அடிவயிறு முறுக்கிப் பிசையும். ஆத்தாள் சூடாக ஒத்தடம் கொடுப்பாள், அரை நாளில் தணியும். அந்த மாதம் ஆத்தாளும் அப்பனும் பழனிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வலி வந்துவிட்டது. அங்காயி கட்டிலில் சுருண்டு படுத்து, யாராவது வெந்நீர் வையுங்களேன் என்று முனகினாள்.

தங்கை மேல் உயிரையே வைத்திருந்த மூவரும் ஊர் நர்சம்மாவிடம் ஓடினார்கள். நர்சம்மாவுக்கு இவர்களைத் தெரியும். அதனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துச் சொன்னாள். சங்கிலி கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஒச்சப்பன் சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டு, மூன்று டம்ளர் கஷாயத்தை ஒரு டம்ளராக்கிக் கொடுக்க வேண்டும். வீரணன் தங்கையைக் கட்டிலை விட்டு இறங்கவும் விடக்கூடாது, ஒரு வேலையும் செய்ய விடக்கூடாது.

சங்கிலி கொல்லுப்பட்டறைக்காரன். கொதிக்கிற தண்ணீரில் கையை விட்டு, தன் கை பொறுக்கிறது என்றான். ஒச்சப்பன் ஒரு விரலை விட்டுவிட்டு வாசல் வரை ஓடித் திரும்பினான்.

"நர்சம்மா யாரு கைன்னு சொன்னாக?" என்று கேட்டான் வீரணன்.

"கைன்னு மட்டுந்தான் சொன்னாக," என்றான் சங்கிலி.

"அப்ப வீட்டுல இருக்கிற எல்லாக் கையும் பொறுக்கணும்," என்று ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னான்.

ஆறவைத்தார்கள். ஒச்சப்பன் கை பொறுத்தபோது சங்கிலி கைக்குச் சூடே தெரியவில்லை. சூடு தெரிந்தால்தானே பொறுப்பதற்கு என்று மறுபடியும் அடுப்பில் ஏற்றினார்கள். இப்படியே நாலு தடவை நடந்தது.

அங்காயி பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே போய்த் துணியை நனைத்துக்கொள்ளலாம் என்று காலைக் கீழே வைத்தாள். வீரணன் அந்தக் காலைத் தூக்கிக் கட்டிலிலேயே வைத்தான். பானையையாவது இங்கே கொண்டுவந்தால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தொட்டுப் பார்ப்பதும் வேலைதான் என்று சொல்லிவிட்டான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்சம் அழுதாள். அழுது முடித்த பிறகுதான் வழி தெரிந்தது.

"அண்ணே, நான் எறங்கத்தானே கூடாது? கட்டிலோட என்னைய அடுப்படிக்குத் தூக்கிட்டுப் போங்க. நீங்க துணியை நனைச்சு வைங்க, சுட்டா நான் கத்துறேன். கத்துறது வேலையில்லையே?"

வீரணன் நெடுநேரம் யோசித்து, கத்துவது வேலையில் சேராது என்று ஒப்புக்கொண்டான். மூவரும் கட்டிலைத் தூக்கிப்போனார்கள். முதல் துணிக்கு அங்காயி கத்தினாள், இரண்டாவதற்குக் கத்தவில்லை. மூன்றாவது துணியில் முறுக்கு மெல்ல இளகி, போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அதற்குள் ஒச்சப்பன் ஒரு டம்ளர் கஷாயத்தை நீட்டினான். இவ்வளவு சீக்கிரம் வற்றிவிட்டதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அது வத்துற மாதிரி தெரியல தாயி. ரெண்டு டம்ளரை நானே குடிச்சுட்டேன். இப்ப ஒண்ணுதான் இருக்கு."

அங்காயி அதை வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். எழுந்தபோது வலி போயிருந்தது. ஆனால் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் சுக்குக் காரம் இறங்கிய ஒச்சப்பன், அடுப்போரமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். முறுக்குகிறது, பிசைகிறது என்றான்.

சங்கிலியும் வீரணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கையை விட்டுப் போன வலி, கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது வேறு எங்கே போயிருக்கும்? சுக்கைப் பற்றி அங்காயி தொண்டை வறளச் சொல்லியும் அவர்கள் காதில் ஏறவில்லை. ஒச்சப்பனைக் கட்டிலில் போட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். அப்போதே பேசி ஒரு முடிவுக்கும் வந்தார்கள். குத்துக்கல்லாட்டம் மூன்று அண்ணன்மார் இருக்கும்போது சின்னப்பிள்ளை ஏன் கஷ்டப்பட வேண்டும்? இந்த மாதம் ஒச்சப்பன், அடுத்த மாதம் வீரணன், அதற்கடுத்து சங்கிலி என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அங்காயிக்கு வலி தொடங்கியது. படுக்கலாம் என்று போனால், வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் வீரணன் நீட்டிப் படுத்திருந்தான்.

"எந்திரிண்ணே, வலிக்குது. நான் படுக்கணும்."

"இந்த மாசம் என் முறை தாயி. நீ வலியை இங்கிட்டு அனுப்பிட்டுப் போயி வேலையைப் பாரு," என்று வீரணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "பையத்தான் அனுப்பு. எனக்கு இது முதல் தடவை."