குலசேகரன் செய்த திருத்தம்

நஸீமா முப்பது வயதிலேயே குருவாகிவிட்டவர். மருந்தகக் கணினிகளில் ஓடும் ஒரு லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில் எந்த மென்பொருள் சேரலாம், எது சேரக்கூடாது என்று சொல்வது அவர் வேலை. அந்த வித்தையை அவரிடம் கற்க வந்த குலசேகரனுக்கு நாற்பத்தாறு வயது. காலில் சக்கரம் கட்டிய மனிதர்.

அன்று மாலையோடு புதிய தொகுப்பில் மென்பொருள் சேர்ப்பதற்கான கதவு மூடிவிடும். இருந்த வேலையை உதறிவிட்டுக் குலசேகரன் எழுதிய மருந்துச்சீட்டு மென்பொருள் அதற்குள் சேராவிட்டால், இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"பாத்துட்டீங்களா மேடம்?" என்றார் மறுபடியும்.

"பாத்துக்கிட்டிருக்கேன். ஏன்ணே இவ்வளவு பெருசா இருக்கு?"

"பிரிண்ட் பண்ண, தேதி போடன்னு அடுத்தவங்க எழுதி வச்ச உதிரி நிரல், லைப்ரரி எல்லாத்தையும் காப்பி எடுத்து உள்ளேயே வச்சுக் கட்டிட்டேன்."

"அதெல்லாம் தொகுப்புலயே பொதுவா இருக்கே. எல்லா மென்பொருளும் அதைத்தானே எடுத்துக்குது?"

"பொதுவுல இருக்கறதை எப்படி நம்புறது? எவனாவது எதையாவது மாத்துவான், என்னுது படுத்துக்கும். என்னுது என் கையில இருக்கட்டும்."

நஸீமா திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனார். குலசேகரன் ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை.

உதவி கேட்பவர்களுக்கான போன் அடித்தது. நஸீமா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், மலை மருந்தகத்துலேர்ந்து நர்ஸ் ஸ்டெல்லா பேசுறேன். சீட்டு நீளமாப் போனா கடைசி வரி பிரிண்ட் ஆகமாட்டேங்குது. ஒரு பொண்ணுக்கு வலிப்பு மாத்திரை விட்டுப்போச்சு. நேத்து வலிப்பு வந்து தூக்கிட்டு வந்தாங்க. பொழச்சுக்கிட்டா. எனக்குத்தான் கை கால் ஓடலை."

அந்த மருந்தகத்தில் ஓடுவது வேறு யாரோ எழுதிய பழைய மென்பொருள். குலசேகரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அது உங்க மென்பொருளோட தப்பே இல்லம்மா," என்று போன் பக்கம் குனிந்தார். "பொதுவுல இருக்கற பிரிண்ட் லைப்ரரியோட தப்பு. போன வருஷமே கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். என்னுதுல அது வரவே வராது!"

சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.

"திருத்தியாச்சா சார்?" நர்ஸின் குரலில் உயிர் வந்தது. "அப்புறம் ஏன் சார் எங்களுக்கு வரலை?"

குலசேகரன் நஸீமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் திருத்தத்தை லைப்ரரி எழுதினவங்களுக்கு அனுப்பினீங்களா? அனுப்பினாத்தானே எல்லாருக்கும் போகும்?" என்று மெதுவாகக் கேட்டார் நஸீமா.

"எங்க நேரம் மேடம்... என் காப்பியில மாத்திக்கிட்டேன். எனக்கு வேலை ஆயிடுச்சு."

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

நஸீமா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

குலசேகரன் உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டார். அவமானமாக இருந்தது. கதவு மூடும் நேரம் மறந்தே போயிற்று.

"நான் என்ன மேடம் சொல்றது?"

"திருத்திட்டேன்னு சொல்லிட்டீங்க. அதை எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்கண்ணே."