எய்யன் முதுகில் ஏறிய கோல்

முனையை எடுத்தவனே, உனக்குத்தான் சொல்கிறேன். உன் பேர் தெரியாது. நீ செய்தது தெரியும். காது இருந்தால் கேள்.

அந்தக் காலத்தில், காட்டில் இருந்ததெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாட்களில், எய்யன் என்று ஒருவன் இருந்தான். இன்று நாம் முள்ளம்பன்றி என்கிறோமே, அதன் மூதாதை அவன்தான். அப்போது அவன் உடம்பில் ஒரு முள்கூடக் கிடையாது. முதுகு வழவழவென்று இருக்கும். கோபம் மட்டும் இப்போது போலவேதான்.

மலையுச்சியில் ஒரு தட்டைப் பாறை. அதன் ஓரத்தில் ஆறு குழிகள். ஏழு விளாங்காய்களைப் பாறைமேல் உருட்டிவிட்டு, கோல்முனையால் இடித்துக் குழிக்குள் தள்ள வேண்டும். மாறி மாறி அடி. கடைசிக் காயைத் தள்ளியவன் ஜெயித்தான். முனை வழுக்காமல் இருக்க, பக்கத்துப் பள்ளத்தில் நிறைய வேங்கைப் பிசின் இருக்கும், தொட்டுத் தடவிக்கொள்ளலாம். ஆனால் சும்மா ஆடுவது என்ற பேச்சே அங்கு கிடையாது. தேனடையோ, பலாப்பழமோ, குடியிருக்கும் பொந்தோ, எதையாவது பந்தயம் வைத்தால்தான் கோலைத் தொடலாம். மேலே கிளைகளில் குரங்குகள் தங்களுக்குள் தனியாகப் பந்தயம் கட்டும்.

எய்யனுக்கு எவனும் எதையும் இனாமாகக் கொடுத்ததில்லை. தேக்குக் கோலால் ஆடித் தோற்றான். பச்சை மூங்கிலால் ஆடினான். அடிக்கும்போது அது துள்ளியது, அதிலும் தோற்றான். தோற்றுத் தோற்றுத்தான் கற்றான். கடைசியில் கருங்காலி மரத்தின் முன்னால் போய் நின்றான்.

"உன் வேரை நெரிக்கிற கொடியெல்லாம் அறுத்துத் தரேன். ஒரு நேர்க்கிளை குடு."

"ஒரு மழைக்காலம் முழுக்க அறுக்கணும்."

"பாதி மழைக்காலம்."

"முழுசு."

"சரி, முழுசு. ஆனா கிளையை நான்தான் பொறுக்குவேன்."

உதிர்ந்த கொம்புக்காகக் கடமானோடு ஏழு நாள் பேரம் பேசினான். அதன் நுனியை அறுத்து, கல்லில் தேய்த்து, கருங்காலியின் தலையில் செருகினான். கறுப்புக் கோல், வெள்ளை முனை. அடித்தால் காய் சொன்ன இடத்துக்குப் போகும்.

மழை இறங்கப்போகிற ஒரு பிற்பகலில் புனுகன் என்ற மரநாய் பாறைக்கு வந்தான். இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டிலும் தோற்று இரண்டு தேனடையை இழந்தான். சிரித்துக்கொண்டே காதைச் சொறிந்தான்.

"மச்சான், இன்னிக்கு என் கை சரியில்ல. ஒரே ஒரு ஆட்டம். கிழங்கு விளையிற என் மலைச்சரிவு முழுசையும் வைக்கிறேன். நீ உன் வளையை வை."

அந்த வளையில்தான் எய்யனின் மனைவி கூரி இன்றோ நாளையோ குட்டி போட இருந்தாள். அவளும் பாறைப் பக்கத்தில்தான் நின்றாள்.

"வேண்டாங்க. அவன் தோத்த விதமே சரியில்ல."

"அந்தச் சரிவு எவ்வளவு பெருசு தெரியுமா? பிறக்கிறதுங்க காலம் பூரா உக்காந்து தின்னும்" என்றான் எய்யன். கோலை எடுத்துவிட்டான்.

இந்த முறை புனுகன் வேறு ஆளாக ஆடினான். ஆறு காய்கள் போயின. ஏழாவது காய் குழிக்கு இரண்டு சாண் தூரத்தில் நின்றது. அடி எய்யனுடையது.

"கடைசி அடி. போய் வாய நனைச்சிட்டு வா" என்றது நடுவராக இருந்த உடும்பு. கடைசி அடிக்கு முன், கீழே இருக்கும் சுனையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். கோலை அங்கே கொண்டுபோகக் கூடாது. பாறையின் கட்டுப்பாடு அது.

"கோலை எங்கிட்ட குடுங்க" என்று கூரி கை நீட்டினாள்.

மேலிருந்து ஒரு குரங்கு கத்தியது: "அடிக்கிறதும் பொண்டாட்டிதானா?"

கிளைகளெல்லாம் சிரித்தன. எய்யனுக்குச் சுருக்கென்றது. "நீ வளைக்குப் போ!" என்று அவள்மேல் சீறினான். அவள் போனாள். கோலைப் பாறையில் சாத்தினான். முதுகைத் திருப்பிக்கொண்டு சுனைக்கு நடந்தான்.

திரும்பி வந்து கோலை எடுத்தபோது அது ஒரு துளி இலேசாக இருந்தது. அவன் கைக்குத் தெரிந்தது. நின்றான்.

"என்ன மச்சான், வளை ஞாபகம் வந்திருச்சா?"

கோபத்தில் குனிந்தான், இடித்தான்.

சப்பென்று ஒரு சத்தம். காய் அரைச் சாண் உருண்டு நின்றது. கோலின் தலையில் நசுங்கிக் கிடந்தது, நீர்ச்செடித் தண்டில் எடுத்த, பஞ்சு போன்ற ஒரு வெள்ளை நெட்டித் துண்டு. புனுகன் வந்தான், சோம்பலாக ஒரு தட்டு தட்டினான். காய் குழிக்குள் விழுந்தது.

"முனையை மாத்தியிருக்கு! எவன்டா எடுத்தது?"

குரங்குகள் மேகத்தைப் பார்த்தன. "நான் காயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றது உடும்பு. புனுகன் வெறுங்கைகளை விரித்துக் காட்டினான்.

எய்யன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "முதுகைத் திருப்பின நேரம் பாத்துத்தானே எடுத்தீங்க? சரி."

கோலைப் பாறையில் ஓங்கி அடித்தான். மறுபடி அடித்தான். அது நூறு சிம்பாகத் தெறிக்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு பிசின் பள்ளத்தில் முதுகைத் தோய்த்து, அந்தச் சிம்புகளின்மேல் விழுந்து புரண்டான். எழுந்தபோது முதுகெல்லாம் கூர்கூராக நின்றது. கறுப்புக் கருங்காலி, நெட்டி அப்பிய இடமெல்லாம் வெள்ளை.

"இனிமே முதுகைத்தான் காட்டுவேன். கை வைக்கிறவன் வைக்கட்டும்."

ஒருவனும் நெருங்கவில்லை. ஆனாலும் தோற்றது தோற்றதுதான். வளையைக் கொடுத்தான். கூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் வெளியே வந்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் தலை குனிந்தான்.

"எனக்கும் பாதி குடுங்க" என்றாள். "வீடு போனது எனக்கும்தானே."

அன்று முதல்தான் முள்ளம்பன்றி, ஆணானாலும் பெண்ணானாலும், கறுப்பும் வெள்ளையுமாக முள் சுமக்கிறது. யாராவது கிட்டே வந்தால் முதுகைத் திருப்பிச் சடசடவென்று ஆட்டுகிறது. காட்டில் எலும்போ கொம்போ எங்கே கிடந்தாலும் வளைக்குத் தூக்கி வந்து கடித்துப் பார்க்கிறது, தன் முனைதானா என்று. இதுவரை அது கிடைக்கவில்லை. அந்தச் சடசடப்பு உனக்குத்தான், எடுத்தவனே. எத்தனை மழை போய்விட்டது! கொண்டுவந்து வை.