வைகறை போன் பின்தங்கிவிட்டதா?

ஓசூரில் வைகறை என்றொரு போன் கம்பெனி இருந்தது. கல்யாணச் சீர்வரிசையில் வைகறை போன் இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள், அப்படிப்பட்ட பெயர். பிறகு மின்மினி என்று இன்னொரு கம்பெனி வந்து சேர்ந்தது. பேருந்தின் முதுகு, பால் பாக்கெட், திருவிழாப் பந்தல் என்று விளம்பரத்துக்கு அது எதையும் விட்டுவைக்கவில்லை. வைகறை பின்தங்கிவிட்டது என்று டீக்கடையில்கூடப் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கதையைச் சும்மா கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நடுவில் வரும் எண்களை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை மின்மினியிடமிருந்து கடிதம் வந்தது. வைகறையை விலைக்குக் கேட்டிருந்தார்கள். நல்ல விலைதான். ஒரே ஒரு நிபந்தனை: விற்ற மறுநாளே வைகறையின் சர்வீஸ் பிரிவை மூடிவிட வேண்டும், பழைய போன்களுக்கு உதிரி பாகம் செய்வதையும் நிறுத்திவிட வேண்டும்.

கம்பெனித் தலைவி அங்கயற்கண்ணி அம்மையார் தம் மூன்று பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டார்.

“நாம பின்தங்கிட்டோமா, இல்லையா? வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க. ஆமான்னா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

விற்பனைக்கு ஜெயசீலன், வடிவமைப்புக்கு வாசுதேவன், சர்வீஸுக்கு மரகதவல்லி. முதல் இருவருக்கும் மின்மினியில் எப்படியும் ஒரு நாற்காலி கிடைத்துவிடும். மரகதவல்லிக்கும் அவளை நம்பியிருந்த இருநூறு பேருக்கும் வெளிவாசல்தான். ஆனாலும் பொய் சொல்லிப் பிழைக்க அவளுக்கு மனமில்லை. உண்மை எதுவோ அதைத் தெரிந்துகொள்வது என்று கிளம்பினாள்.

வைகறை உதிரி பாகங்களை அதிகமாக வாங்குகிற கடை திருச்சி சிங்காரத்தோப்பில் இருந்தது. கடைக்காரர் அருளப்பன், பழுதுபார்க்க வந்த போன்களை ஒரு பெரிய தட்டில் பரப்பி வைத்திருந்தார். மரகதவல்லி எண்ணிப் பார்த்தாள். வைகறை நாற்பத்தொன்று. மின்மினி மூன்றே மூன்று. இவ்வளவு கெட்டுப்போகிற போனையா இத்தனை நாள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினோம் என்று வெட்கமாக இருந்தது.

அருளப்பனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு போனின் முதுகிலும் காகித டேப் ஒட்டி, சொந்தக்காரர் பெயர், வாங்கிய வருடம், என்ன கோளாறு, மூன்றையும் பேனாவால் எழுதிவிடுவார். மரகதவல்லி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். வாங்கி ஆறு வருடம், பேட்டரி. இன்னொன்று ஏழு வருடம், சார்ஜ் ஏறவில்லை. மற்றொன்று எட்டு வருடம், கண்ணாடி விரிசல்.

“மின்மினி ஏன் இவ்வளவு கம்மி?” என்று கேட்டாள்.

அருளப்பன் மூலையில் இருந்த சாக்கு மூட்டையைக் காலால் தட்டினார். “எல்லாம் அதுக்குள்ள கிடக்கும்மா. ரெண்டு வருஷம் ஓடும், அப்புறம் பார்ட்ஸ் கிடையாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குவாங்க. உங்களுது அப்படியா? சராசரியா ஏழு வருஷம் ஓடுது. பேட்டரிய மாத்தினாப் போதும்னு கெஞ்சுறாங்க.”

தட்டிலிருந்து இரண்டு போன்களை அவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு அவள் ஊர் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை. ஜெயசீலன் எழுந்தார். ஓரமெல்லாம் சாயம் போன தம் வைகறை போனைப் பார்த்து எண்களை வாசித்தார். “ஏழு வருஷமா நாம வருஷத்துக்கு மூணு லட்சம் போன்தான் விக்கிறோம். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. மின்மினி போன வருஷமும் ஒன்பது லட்சம், இந்த வருஷமும் ஒன்பது லட்சம். மூணு மடங்கு! இதுக்கு மேல என்னம்மா சொல்றது?”

வாசுதேவன் மின்மினியின் புதுப் போனை மேசைமேல் வைத்து அப்பளம் போல மடித்துக் காட்டினார். “நம்மளோடது மடங்காதும்மா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மையார் பேனாவின் மூடியைத் திறந்தார். மரகதவல்லி எழுந்து, டேப் ஒட்டிய போன்களை மேசைமேல் வைத்து, தட்டில் கண்டதையும் மூட்டையைப் பற்றிக் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜெயசீலன் சிரித்துவிட்டார். “ரிப்பேர் கடை நிறைய நம்ம போனா? வேற சாட்சியே வேண்டாம், போங்க.”

“சார், நீங்க சொன்ன எண்ணை நான் மாத்தப் போறதில்ல. அதையே எழுதறேன்” என்றாள் மரகதவல்லி. எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் இரண்டே வரி எழுதினாள். அம்மையார் பலகையைப் பார்த்தார், கடிதத்தில் இருந்த நிபந்தனையை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

பலகையில் அவள் எழுதியது என்ன? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஜெயசீலன் வாங்குகிறவர்களை எண்ணினார், வைத்திருக்கிறவர்களை எண்ணவில்லை. மின்மினி வருடத்துக்கு ஒன்பது லட்சம், இரண்டு வருட ஆயுள்: பதினெட்டு லட்சம் கைகள். வைகறை மூன்று லட்சம், ஏழு வருட ஆயுள்: இருபத்தொரு லட்சம் கைகள். பலகையில் இருந்தது இவ்வளவுதான். முன்னால் நிற்பது வைகறை, ஆகவே மரகதவல்லி சொன்னதே சரி. சர்வீஸ் பிரிவை மூடச் சொன்னபோதே மின்மினிக்கு அது தெரியும் என்பதும் வெளியாகிவிட்டது. பழைய வைகறை சாகாதவரை அந்தக் கைகள் அவர்களிடம் வரப்போவதில்லை. வாசுதேவனை மடங்குகிற போன் செய்யச் சொன்னார் அம்மையார், அதுவும் ஏழு வருடம் மடங்க வேண்டும் என்று. கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது. சர்வீஸ் பிரிவில் அன்று இருநூறு பேருக்கும் மைசூர்பாகு. அந்த இருபத்தொரு லட்சத்தில் ஜெயசீலன் கையில் இருந்த சாயம் போன போனும் ஒன்று.