வராண்டா காலியாகத்தானே கிடக்கிறது

சட்டம் போடுவது மேலாளர் தணிகாசலத்துக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது. ஸ்கேன் செய்த லட்சக்கணக்கான படங்களும் ஒரே ஃபோல்டரில்தான் கிடக்க வேண்டும். கடைசியில் ஒரு படத்தைத் திறக்கவே யுகமானது.

"பிரிச்சுப் பிரிச்சு வெச்சாத்தான் சார் சீக்கிரம் கிடைக்கும்" என்றாள் ஆபரேட்டர் செண்பகவல்லி.

"டிஸ்க்ல முக்கால்வாசி காலி, அப்புறம் ஏன் நேரமாகும்? சோம்பேறி நீதான். நாளையிலேர்ந்து வராதே" என்றார், கம்ப்யூட்டர் அறையில் அன்று நடந்த கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போனாள். வாசல் வராண்டாவில் வரிசையாகக் கிடந்த செருப்புகளையெல்லாம் ஒரே குவியலாக்கினாள்.

கூட்டம் முடிந்து வந்த தணிகாசலம் குனிந்து கிளறினார். வியர்த்ததுதான் மிச்சம், ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது.

"வராண்டா முக்கால்வாசி காலியாத்தானே சார் கிடக்கு" என்றாள். "அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்? நீங்களும் சோம்பேறியா?"