வெயிலுமுத்து இடுப்புக்கு அடியில் போன ரயில்

தூத்துக்குடிப் பக்கம் உப்பு மூட்டை தூக்குகிறவர் வெயிலுமுத்து. இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் சொல்லக் கேட்டால், பிடித்துக்கொண்டது இடுப்பா ஊரா என்று சந்தேகம் வரும்.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் அன்றும் ஆரம்பித்துவிட்டார். மூட்டையைத் தூக்கியபோது இடுப்பில் எழுந்த சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல் பதில் சங்கு ஊதியதாம். ஒரு வாரம் குனிந்தபடியே நின்றாராம். தெருப் பையன்கள் முதுகில் பலகை வைத்து கேரம் ஆடினார்களாம்.

பலகை சாயாதா என்று கேட்டார், கழுத்து வலிக்கு வந்திருந்த தையல்காரி பாத்திமுத்து. சாய்வதாவது, கொத்தனாரே வந்து தன் ரசமட்டம் சரியா என்று இந்த முதுகில் வைத்துப் பார்த்துப் போனார் என்றார் வெயிலுமுத்து.

பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தாவுக்குப் படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலை அது. அவள் கவலை வேறு. திங்கட்கிழமை வெயிலுமுத்து வேலைக்கு வரலாமா என்று உப்பள மேஸ்திரி கேட்டிருந்தார். முடியாதென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். தப்பாகச் சொன்னால் ஒன்று பிழைப்பு போகும், அல்லது முதுகு போகும்.

அவர் காலை நீட்டி உயர்த்திப் பார்த்தாள். வலி காலுக்கு இறங்கவில்லை. பாதத்தில் மரமரப்பு இல்லை, பலமும் குறையவில்லை. தரையிலிருந்து ஒரு பொருளைக் குனிந்து எடுப்பது மட்டும்தான் பாக்கி. தூக்கிப் பழகுவதற்கான மணல் பெட்டியை முன்னால் வைத்தாலே அவருக்கு ஒரு கதை வந்துவிடும். இடுப்புப் பிடிப்பு விட்டுவிட்டது, பயம்தான் இன்னும் விடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றும் பெட்டியை வைத்தாள்.

"பெட்டி கிடக்கட்டும்மா. நீ சொன்னபடி வாசல்ல மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குனேன். அடியில ஆட்டுமந்தை போச்சு. இன்னுங் கொஞ்சம் தூக்குனேன், ஸ்கூல் வேன் போச்சு. மறுநாள் ரயிலே போச்சு."

"நிக்காமயா போச்சு?" என்றார் பாத்திமுத்து.

"நின்னுச்சு. ஏறுற சனம் ஏறவேண்டாமா?"

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணாச்சி, முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போட ஒட்டி எடுங்க. நான் பக்கத்துலயே நிக்கேன்."

வெயிலுமுத்து பெட்டியைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. தான் தூக்கினால் தரையும் சேர்ந்து வந்துவிடும், கட்டடம் சாயும், மேல்மாடியில் பிள்ளை பெற்றவர்கள் படுத்திருக்கிறார்கள், பாவம் என்றார்.

பாத்திமுத்து எழுந்து போய்ச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றினார். அடுத்து முழங்கால் வலிக்காரர் போனார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சுவரைத் தாங்கி நின்றார்கள்.

"கட்டடத்தை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க தூக்குங்க," என்றார் பாத்திமுத்து.

இனித் தப்ப வழியில்லை. முழங்காலை மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி மெல்ல எழுந்து நெஞ்சுக்கு வந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், வலி வரவில்லை.

"திங்கக்கிழமை போங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "முதல்ல அரை மூட்டைதான். மேஸ்திரிகிட்ட நானே சொல்லுதேன்."

அவருக்கு மூச்சு திரும்பியது. கூடவே குரலும். "பாத்தியளா? கட்டடம் லேசா ஆடுச்சுல்லா?"

பாத்திமுத்து சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"கட்டடம் ஆடல. உங்க முழங்கால்தான் ஆடுச்சு."