ஆற்றின் காதில் சொன்ன பெயர்

முன்னொரு காலத்தில், ஏட்டில் எழுதிவிட்டால் உலகமே அப்படி ஆகிவிடும் என்று நம்பிய மன்னர் ஒருவர் இருந்தார். மகிபாலர் என்பது அவர் பெயர். ஒருநாள் காலையில் எழுந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன் நாட்டு மலை, மரம், மீன், பறவை எல்லாவற்றுக்கும் பெயரும் விளக்கமும் சொல்லும் பெரிய நிகண்டு ஒன்று வேண்டும்!

அவைப்புலவர் ஆதிமூலக் கவிராயர் தலைமையில் வேலை மளமளவென்று நடந்தது. மலைகள் முடிந்தன. மரங்கள் முடிந்தன. ஆற்றுக்கு வந்ததும் எழுத்தாணி நின்றுவிட்டது. நாட்டில் ஓடியது ஒரே ஆறுதான். ஆனால் மலையடிவாரத்தில் அதைக் கன்னி என்றார்கள். நடுநாட்டில் வெள்ளச்சி. கடலோரத்தில் பெரியாத்தா. எதை எழுதுவது?

கவிராயர் எழுந்து வணங்கினார். "அரசே, இவையெல்லாம் பாமரர் வாய்க்கு வந்தவை. 'மகிபாலநதி' என்றே எழுதிவிடுவோம். 'எக்காலமும் இரு கரையும் தளும்ப ஓடுவது, பாலினும் வெண்மையானது, அரசர் ஆணைக்கு அடங்கியது' என்று விளக்கமும் தயார்."

மன்னரின் முகம் மலர்ந்தது. அவையின் ஓரத்தில் ஒரு தொண்டை செருமியது. அவையைச் சிரிக்க வைக்கும் விகடன் சாத்தையன்.

"கவிராயரே, சித்திரை மாதத்தில் அந்த ஆற்றின் நடுவே எருமை படுத்து அசைபோடுமே, அதை எந்த வரியில் படுக்க வைப்பீர்கள்?"

அவை குலுங்கிச் சிரித்தது. கவிராயர் சிரிக்கவில்லை. சாத்தையனைக் கவிழ்க்கும் வழி அந்த நொடியில் அவருக்குத் தோன்றிவிட்டது.

"அரசே, ஏட்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக இருந்தால் நிகண்டுக்கு இழுக்கு. இனி வேறு பெயர் சொல்பவர் யாராயினும் நாடு கடத்தப்படுவர் என்று ஆணையிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

சாத்தையனின் மனைவி பேச்சி நடுநாட்டுப் பெண். "வெள்ளச்சி கூப்புடுறா" என்று சொல்லித்தான் விடியலில் குடத்தை எடுப்பாள். அவள் காலமான பிறகு, அவள் சாம்பலை அரண்மனைப் படித்துறையில்தான் கரைத்தான். மாலைதோறும் கடைசிப் படியில் உட்கார்ந்து, "வெள்ளச்சி, எம் பேச்சி சொகமா இருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான். இது ஊருக்கே தெரியும். கவிராயருக்கும் தெரியும். இனி அந்தப் பெயரை விழுங்க வேண்டும், அல்லது அந்தப் படித்துறையை விட்டு நாடு தாண்ட வேண்டும்.

அவன் சட்டென்று கைகூப்பினான். "நல்ல ஆணை, அரசே! ஆனால் பெயரை முறையாகச் சூட்ட வேண்டாமா? தகப்பன் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னால்தானே பெயர் ஒட்டும்? தாங்களே தகப்பனாக இருந்து சூட்ட வேண்டும். ஆறு இனி அரசரின் மகள் என்று நான் ஊரறிய முரசறையலாமா?"

"தாராளமாக!" என்றார் மன்னர். தனக்கொரு மகள் பிறந்ததுபோலவே அவருக்கு இருந்தது.

மறுநாள் படித்துறையில் தோரணமென்ன, மேளமென்ன, சர்க்கரைப் பொங்கலென்ன! ஊரே திரண்டு கரையில் நின்றது.

"சாத்தையா, ஆற்றுக்குக் காது எங்கே?" என்று மன்னர் ரகசியமாகக் கேட்டார்.

"அதோ, அரசே!" படிக்குக் கீழே நீர் சுழித்துக்கொண்டிருந்தது. பார்க்க அசல் காதுமடல்தான்.

மன்னர் குனிந்து சுழியில் வாயை வைத்தார். "மகிபாலநதி!" மூக்கில் தண்ணீர் ஏறியது. "மகிபாலநதி!" இருமல் வந்தது. மூன்றாம் முறை இன்னும் குனிந்தார். மாணிக்கம் பதித்த தலைப்பாகை நழுவி விழுந்தது. சுழி அதை இரண்டு சுற்றுச் சுற்றி விழுங்கிவிட்டது.

அப்போது அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் சிலம்பாயி கணீரென்று சொன்னாள்: "பச்சப்புள்ள அப்பன் தலையில இருக்கறதத்தானே மொதல்ல புடுங்கும்!"

கரை முழுக்கச் சிரிப்பு. மன்னரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவைத்தார். முரசு முழங்கியது: "ஆறு இன்று முதல் அரசரின் மகள்! இளவரசிக்கு உள்ள மரியாதை எல்லாம் ஆற்றுக்கும் உண்டு!"

அடுத்த நாள் காலை மன்னருக்கு வெந்நீர் வரவில்லை. அரண்மனைக் கிணறோ உப்பு. சிலம்பாயியை அழைத்துக் கேட்டார்கள்.

"அய்யோ சாமி! எளவரசி மேனியில குடத்த முக்கி எடுக்கச் சொல்றீகளா? எங் கழுத்துல தல இருக்கறது புடிக்கலையா?"

சலவைக்காரர் துணி மூட்டையோடு வந்து நின்றார். "மகராசா, ஊரு அழுக்கையெல்லாம் எளவரசி மேல கொட்டித் தொவைக்கலாமுங்களா? நீங்க சொன்னா செஞ்சிடறேன்."

ஆற்றில் இறக்க வழியில்லாமல் குளிக்காத அரண்மனை யானைகளின் வாடை மெல்ல மெல்ல அவைக்குள் வந்தது. அமைச்சர்கள் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடினார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் அமளி! ஈரம் சொட்டச் சொட்டக் கவிராயரைக் காவலர் இருவர் இழுத்து வந்தார்கள்.

"அரசே, இளவரசியின் மேல் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டார். கையும் களவுமாகப் பிடித்தோம்!"

"இளவரசியைத் தொட்டவருக்கு என்ன தண்டனை, அரசே?" என்று சாத்தையன் பணிவாகக் கேட்டான். "சிரச்சேதம் என்று இவரே சட்ட ஏட்டில் எழுதியிருப்பதாக ஞாபகம்."

கவிராயருக்கு இலக்கணத் தமிழ் எல்லாம் பறந்துவிட்டது. "அய்யய்யோ! நான் எந்த எளவரசியத் தொட்டேன்? பொறந்ததுலேருந்து குளிக்கிற வெள்ளச்சியிலதானே குளிச்சேன்!"

கவிராயர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் நடுநாட்டுப் பிள்ளைதான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது.

பேச்சியின் வாயிலிருந்த சொல் அரசவையின் நடுவே நின்றது!

மன்னரின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு சிம்மாசனமே அதிரும்படி சிரித்தார். "நிகண்டு எழுதுபவர் வாயிலேயே என் பெயர் நிற்கவில்லை! சாத்தையா, இப்போது இவரை நாடு கடத்துவதா, தலையை வாங்குவதா?"

"இரண்டும் வேண்டாம், அரசே. நானும் நேற்று மாலை அந்தப் பெயரைத்தான் சொன்னேன். ஒரு வீட்டுப் பெண்ணை அம்மா ஒரு பெயரிலும் அத்தை ஒரு பெயரிலும் கூப்பிடுவதில்லையா? எல்லாப் பெயருக்கும் அவள் திரும்பிப் பார்க்கிறாள். ஏட்டிலும் எல்லாம் இருக்கட்டும்."

"அப்படியானால் நீயே எழுது!" என்று மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "கவிராயர் மலையிலிருந்து கடல்வரை கரையோடு நடந்து, பெயர்களைக் கேட்டு வந்து உன்னிடம் சொல்லட்டும். முதலில் யானைகளைக் குளிப்பாட்டுங்கள்!"

அதுவரை தெரிந்த பெயர்களை வைத்து அன்றே சாத்தையன் எழுதி, அவையில் வாசித்தான்: "ஆறு. மலையடிவாரத்தார் கன்னி என்பர். நடுநாட்டார் வெள்ளச்சி என்பர். கடலோரத்தார் பெரியாத்தா என்பர். கோடையில் எருமை படுக்கும். ஐப்பசியில் பாலத்தையே கொண்டுபோகும். நீர் இனிது. தலைப்பாகை அணிந்தோர் குனியாதிருத்தல் நலம். மகிபாலநதி என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஒருநாள் மட்டும் வழங்கியது."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்து, கடைசி வரியின் கீழ்த் தன் முத்திரையை வைத்தார்.

அன்று மாலை சாத்தையன் முத்துமாலையோடு கடைசிப் படியில் உட்கார்ந்து, அக்கரைக்கும் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டான்: "வெள்ளச்சி! எம் பேச்சிகிட்டச் சொல்லு, அவ கூப்புட்ட பேரு ஏட்டுல ஏறிருச்சுன்னு!"

சுழி ஒருமுறை சுற்றியது. ஆறு அதன் போக்கில் ஓடியது. பெயர்களும் அதனோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.