மயிலின் குரல் இருக்கும் இடம்

அந்தக் காலத்தில் மயிலுக்குக் குயிலைவிட நல்ல குரல் இருந்தது. சிரிக்காதீர்கள். ஆடு மாடெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் பஞ்சாப் முழுக்க இது ஊரறிந்த விஷயம்.

பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அதில் மண்சுவர் வைத்த ஒரு குருத்வாரா. விடியுமுன்பே ஊர் அங்கே கூடிவிடும். சங்கத் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். முன்னால் விதானத்தின் கீழ், பட்டு விரித்த மேடைமேல், அவர்கள் குருவாகவே வணங்கும் புனித நூலான கிரந்த் சாகிப் இருக்கும். அதன் பக்கத்தில் நிஹால் கௌர் என்ற பெண் தரையில் உட்கார்ந்து, தந்திக் கருவியை வில்லால் இழுத்து வாசித்துக்கொண்டே பாடுவாள். மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அதுதான் கீர்த்தனை. வருகிறவருக்கு இரண்டு காலா நாலு காலா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. பாட்டு முடிந்தால் நெய் வடியும் கோதுமை அல்வா எல்லாருக்கும் உண்டு. அல்வாவுக்காகவே ஓர் எருமை ஒரு நாள் தவறாமல் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரங்கீலா என்ற மயில் வந்தது பாட்டுக்காக. உள்ளே உட்கார்ந்தால் தோகை நாலு பேர் முகத்தில் படும் என்பதால், எல்லாருக்கும் பின்னால், முற்றத்துச் சுவர்மேல்தான் அதற்கு இடம். அங்கிருந்து கூடவே பாடும். அந்த ஒரு நாழிகைக்காகத்தான் அது மற்ற நேரமெல்லாம் புழு பொறுக்கிக்கொண்டு உயிரோடு இருந்தது என்று சொல்லலாம்.

அறுவடை முடிந்து பைசாகித் திருவிழா வந்தது. கூட்டம் முற்றம் வரை நிரம்பிவிட்டது. அன்றைக்குப் பாட்டு உச்சத்துக்குப் போகப் போக ரங்கீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னை அறியாமல் தோகையை விரித்துவிட்டது. குரலும் கட்டவிழ்த்துக்கொண்டு கிளம்பியது.

முதலில் திரும்பியது எருமை. அப்புறம் எருமையின் சொந்தக்காரர். அவரைப் பார்த்து அவர் மனைவி. கொஞ்ச நேரத்தில் சங்கத் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாமரம் வீசுகிறவரின் கைகூட அப்படியே நின்றுவிட்டது.

நிஹால் கௌர் பாட்டை நிறுத்தினாள். தன் குரல் மட்டும் தனியாகக் கேட்பதை உணர்ந்த பிறகுதான் ரங்கீலா கண்ணைத் திறந்தது. அத்தனை முகமும் அதைப் பார்த்திருந்தன. அத்தனை முதுகும் கிரந்த் சாகிப்பைப் பார்த்திருந்தன.

குருவுக்கு முதுகு காட்டுவது அந்த ஊரில் பச்சைக் குழந்தைகூடச் செய்யாத காரியம். எல்லாரும் பதறித் திரும்பினார்கள், நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். மயிலை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்வாகூட வழக்கத்தைவிடப் பெரிய உருண்டையாகத்தான் கிடைத்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரங்கீலாவுக்கு.

மறுநாளிலிருந்து அது சுவர்மேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. தோகையை மடக்கிக்கொண்டு மெதுவாகப் பாடேன், அதற்கென்ன என்று எருமை யோசனை சொன்னது. அதையும் செய்து பார்த்தது. இரண்டு வரி பாடுவதற்குள் முன்னால் நாலைந்து கழுத்துகள் திரும்பத் துடித்தன. பாடினால் குருவுக்கு அவமரியாதை, பாடாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். மயில் இளைத்துப்போயிற்று.

ஒரு மத்தியானம் அது நிஹால் கௌர் வீட்டுக்குப் போனது. பழைய கருவியின் நாதம் மொட்டையாக இருக்கிறதென்று அவள் மரத்தைக் குடைந்து புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தாள். குடம் மட்டும் தயாராகியிருந்தது. மேலே போர்த்த வேண்டிய ஆட்டுத்தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மயில் தயங்கித் தயங்கி, தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் அந்தக் குடத்துக்குள் பாடி வைத்துவிடட்டுமா என்று கேட்டது.

அவள் உளியைக் கீழே வைத்தாள். "ரங்கீலா, தோலை இழுத்துக் கட்டிட்டேன்னா உன் குரலைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் உனக்குன்னு என்ன இருக்கும்?"

"கேக்குறதுக்குக் காது இருக்கும் அக்கா," என்றது மயில். "பாட்டு கேட்டா எனக்குப் போதும். என்னைப் பாக்க வேணாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. குடத்தை மயிலின் பக்கம் நகர்த்தி வைத்தாள். மயில் கழுத்தை வளைத்துக் குடத்துக்குள் அலகை வைத்துப் பாடத் தொடங்கியது. வெயில் சாயும்வரை பாடியது. கடைசிச் சொட்டும் உள்ளே விழுந்ததும் அவள் ஈரத்தோலைப் போர்த்தி இறுக்கிக் கட்டினாள். நன்றி சொல்ல மயில் வாயைத் திறந்தபோது, எண்ணெய் காணாத கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது. இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

அந்தக் குரலுக்கு வேற்று வீட்டில் இருப்பதாகத் தோன்றக்கூடாதே என்று, நிஹால் கௌர் குடத்துக்கு மயிலின் உருவத்தையே செதுக்கினாள். நெஞ்சு, வளைந்த கழுத்து, கொண்டை எல்லாம் வைத்து நீலமும் பூசினாள்.

புதுக் கருவி வந்த காலையில் ரங்கீலா வழக்கம்போல் பின்சுவரில் உட்கார்ந்திருந்தது. நிஹால் கௌர் வில்லை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். மயிலின் குரல் முன்னாலிருந்து, கிரந்த் சாகிப்பின் காலடியிலிருந்து எழுந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடிய கண்களெல்லாம் குருவின் பக்கமே போயின. தன் குரலைத் தானே கேட்ட மயிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோகையை முழுசாக விரித்து, வாய்விட்டு அகவியது. கரகரவென்று என்னமாய் ஒரு சத்தம்!

ஒருவரும் திரும்பவில்லை. எருமைகூட ஒரு காதை மட்டும்தான் ஆட்டியது. அந்தச் சுவர்மேல் அன்றைக்கு இருந்ததுபோல ரங்கீலா அதற்கு முன் எப்போதும் நிம்மதியாக இருந்ததில்லை.

சீக்கியர் கீர்த்தனையில் வாசிக்கும் தாவூஸ் என்ற கருவி மயில் வடிவில் குரு சன்னிதியில் உட்கார்ந்து பாடுவதும், தோகை உள்ள மயில் வெளியே நின்று கரகரப்பாய் அகவுவதும் அன்று முதல்தான். மழைக்காகக் கூப்பிடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கீர்த்தனையோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது.